பத்து அம்சக் கோரிக்கை

மைத்துனன் வீட்டு விசேஷம் எதற்கும் போவதில்லை என்று நான் சபதம் செய்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கொள்கையை விற்றவர்களை எனக்குத் தெரியும். எங்கள் சங்கத்துச் செயலாளர் இன்று நாலு பஸ்ஸுக்கு முதலாளி. நான் விற்கவில்லை. யாரும் விலை கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பஸ் டிப்போவில் நான் மெக்கானிக். மனைவியின் தம்பி அங்கேயே டிரைவர். மூன்றாவது வேலைநிறுத்தத்தின் ஆறாம் நாள், ஒரு பஸ்ஸும் வெளியே போகக் கூடாது என்று டிப்போ வாசலில் குறுக்கே படுத்தேன். மைத்துனன் பஸ்ஸோடு வந்தான். என்னைப் பார்த்தான். ஹாரன்கூட அடிக்கவில்லை. ரிவர்ஸ் எடுத்தான். பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அது தெரியாமல் நான் மத்தியானம் வரை படுத்திருந்தேன். என்மேல் ஏற்றியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய அவர்கள் சொந்தக் கிராமத்தில். அந்தப் பெண்ணுக்கு என் மனைவி ஒரே அத்தை. தனியாகப் போய் நின்றால், "உன் வீட்டுக்காரர் வரலையா?" என்று ஊர் முழுக்க ஆளுக்கொரு தடவை கேட்கும். பத்தொன்பது வருடமாகக் கேட்கிறது. அதனால் இந்தத் தடவை அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். மூன்று பத்தியில் மறுப்பறிக்கையும் தயார்.

அவள் அழவில்லை. சனிக்கிழமை காலை, தேநீரோடு ஒரு தாளை நீட்டினாள். என் பழைய துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம். தலைப்பு: 'பத்து அம்சக் கோரிக்கை'. கடைசி வரி: 'நிறைவேற்றத் தவறினால் திங்கள் காலை முதல் அடுப்பு எரியாது.'

"என்னம்மா இது?"

"படிக்கத் தெரியாதா? ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர்தானே!"

மறைப்பானேன், கண் கலங்கிவிட்டது. எங்கள் கூடத்தில் எத்தனை இளைஞர்களுக்குப் போராட்டப் பாடம் நடத்தியிருக்கிறேன்! அவர்களில் பாதிப்பேர் இப்போது என்னைக் கண்டால் தெருவை மாற்றிக்கொள்கிறார்கள். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்திருக்கிறதே!

அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. கோரிக்கை அவளுடையது என்றால், நிர்வாகம் நான்.

ஆயுள் முழுக்க மேஜைக்குத் தொழிலாளர் பக்கமே உட்கார்ந்தவன் நான். பக்கத்து வீட்டு ரிட்டையர்டு கண்டக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தேன். முதலாளிகள் ஏன் எழுந்திருக்கவே மறுக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஒண்ணு," என்றாள். "வீட்டுக்கு லிஃப்ட் வைக்கணும்."

"நம்ம வீட்டுக்கு மாடியே கிடையாதே!"

"அப்ப மாடியும் கட்டுங்க."

"நிராகரிக்கிறேன்."

"சரி."

அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாள். பாவம், அனுபவம் போதாது.

"ரெண்டு. பீரோ மேல இருக்கற உங்க பிரசுரக் கட்டையெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போடணும்."

"அதெல்லாம் வரலாறும்மா!"

"கரப்பான் குடும்பம் நடத்துற வரலாறு."

கண்டக்டர் சிரித்தார். "நடுநிலையா இருங்க தோழர்!" என்று அதட்டினேன்.

"நான் என்ன பண்றது தோழர்? வரலாறு ராத்திரியானா எங்க வீட்டுக்கும் பறந்து வருது."

மூன்றாவது, மீசையை எடுக்க வேண்டுமாம். மூன்று வேலைநிறுத்தமும் இரண்டு சஸ்பென்ஷனும் கண்ட மீசை! மறுத்தேன். நான்காவது, செய்தித்தாளைத் தெருவைப் பார்த்துக் கத்திப் படிக்கக் கூடாது. மறுத்தேன். ஐந்தாவது, விமானத்தில் போய்க் கடல் பார்க்க வேண்டும். மறுத்தேன். ஆறாவது, கண்டக்டர் காலை எட்டு மணிக்கு முன் தேநீருக்கு வரக் கூடாது. அதைச் சாட்சியே மறுத்தார். ஒன்பது வரை ஒரே வெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு "சரி".

கண்டக்டர் என் காதருகே குனிந்தார். "எல்லாத்தையும் வெட்டிட்டா திங்கக்கிழமை பட்டினிதான் தோழர். ஒண்ணாவது குடுத்துருங்க. நானும் இந்த வீட்டு அடுப்பை நம்பித்தானே இருக்கேன்."

"பத்து," என்றாள். "என் தம்பி மக கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே போய்த் தங்கணும். நீங்க ஊர் முன்னால தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

தலையணையோடு எழுந்துவிட்டேன்.

"மன்னிப்பா? நானா? பின்வாசல்ல ஓடினவன் அவன்!"

"அப்ப நிர்வாகம் என்னதான் சொல்லுது?"

"மன்னிப்புங்கற பேச்சே கிடையாது!"

"சரி. பத்து நாள்?"

"ஒரே நாள். காலையில போறோம், அன்னைக்கே திரும்புறோம்."

"அஞ்சு நாளாவது..."

"ஒரே நாள்!"

"ரெண்டு நாளுங்க."

மேஜையைக் குத்தினேன். தம்ளர் குதித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க. ஒரே நாள். மன்னிப்பு வேண்டாம்."

கையெழுத்துப் போட்டோம். கண்டக்டர் சாட்சி போட்டார். சபதம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பதரைக் கோரிக்கையை முறியடித்தவன் அரைக் கோரிக்கையை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் ராஜதந்திரம். இரண்டு வாரம் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

கல்யாணத்தன்று காலை பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் எனக்கு. செக்கர் வந்தார். அவள் பைக்குள்ளிருந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். அச்சடித்த எதையும் படிக்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. வாங்கிப் படித்தேன். இரண்டு பேர். போக, வர. ஒரே நாள். முன்பதிவு செய்த தேதி, அந்தச் சனிக்கிழமைக்குப் பதினொரு நாள் முன்பு.

"ஏம்மா, இது கோரிக்கை வைக்கறதுக்கு முன்னாடியே எடுத்ததா?"

"ஆமாங்க. ஒரு நாளுக்கு மேல எனக்கும் அங்க முடியாது. முட்டி வலி."

"அப்ப அந்த லிஃப்ட்டு? மீசை? விமானம்?"

"பத்தைக் கேட்டாத்தான் ஒண்ணு கிடைக்கும்னு நம்ம கூடத்துல ஒருத்தர் தினமும் பாடம் எடுப்பாரே..." என்றவள், வாட்டர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

அந்தக் குடும்பத்துக்கே பின்வாசல் தெரிந்திருக்கிறது; நான்தான் பத்தொன்பது வருடமாக முன்வாசலிலேயே படுத்திருக்கிறேன்.