சட்டைப் பையில் ஒரு பியூஸ்

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றியது. இன்ஜின்தான் பிடிக்கவில்லை.

"என்ன இது, வரும்போது நல்லாத்தானே வந்துச்சு!" என்றார் மச்சான், ஸ்டியரிங்கைப் பார்த்து.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்ணாடிக்கடைக்காரர், முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள அரும்பாடு பட்டார். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டித் திருகு முடுக்கிப் பிழைக்கிற மனிதர், நடித்துப் பழக்கமில்லை. அவருடைய சட்டைப் பையில் நகத்தளவு பிளாஸ்டிக் பியூஸ் ஒன்று இருந்தது. சற்று முன்புவரை அது மச்சானுடைய காரில் இருந்தது.

மனைவி வேலைக்குப் போயிருந்ததால் வந்தவர்களுக்கு டீ போடும் பொறுப்பு அவருடையது. "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று வெளியே வந்தவர், பூட்டாமல் நின்ற காரின் பானெட்டைத் தூக்கி, கடை இடுக்கியால் அதைப் பிடுங்கிவிட்டார். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற பியூஸ். அது இல்லையென்றால் டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் இன்ஜினுக்கு ஒரு சொட்டு போகாது. மகள் எப்போதோ சொன்னது. மகள் சொன்ன எதையும் அவர் மறந்ததில்லை. மனைவி சொன்னதைத்தான் மறப்பார்.

மகள் மெக்கானிக். ஊரார் பட்டறையில் வேலை பார்த்தது போதும், சொந்தமாகப் பட்டறை போடலாம் என்று நினைக்கிறாள். மெயின் ரோட்டில் மச்சானின் ஷெட் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதை அவளுக்கு வாடகைக்குத் தர முடியுமா என்று பதில் சொல்லத்தான் மச்சான் இன்று வந்தார். அவர் மனைவி கார் பக்கம் நின்று யாருடனோ போன் பேசிவிட்டுச் சற்று நேரம் கழித்து உள்ளே வந்து உட்கார்ந்தார். மச்சான் டீயை உறிஞ்சி முடித்துவிட்டு, "டயர் கடைக்காரனும் கேக்கிறான் மாப்ளே. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அந்தக் குடும்பத்தில் 'யோசிச்சுச் சொல்றேன்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். அவர் இப்படித்தான் சொல்வார் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு முன்பே தெரியும். அதனால்தான் பால் வாங்கப் போனார்.

"போன் பண்ணி யாராவது மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா?" என்றார் மச்சான்.

"எதுக்கு மச்சான்? மெக்கானிக் நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கா!"

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எதிர் வீட்டுப் பல் டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

மகள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். "இன்னொரு தடவை போடுங்க மாமா... போதும். நல்லா சுத்துது, பேட்டரியில குறை இல்ல. ஒண்ணு பெட்ரோல் வரல, இல்லேன்னா ஸ்பார்க் வரல. சாவியை ஆன்ல மட்டும் வைங்க."

பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டாள். "பம்ப் ஓடுற சத்தம் இல்லையே."

"காதாலயே கண்டுபிடிக்கிறா பாருங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், டாக்டரிடம்.

"நானும் பல்லைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்" என்றார் டாக்டர், விட்டுக்கொடுக்காமல்.

மகள் பானெட்டைத் தூக்கி, பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஆகாயத்தைப் பார்த்தார்.

"பியூஸ் இல்ல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூடிக்குள்ளிருந்த உபரி ஒன்றை எடுத்து மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் பின்னால் 'ம்ம்ம்' என்று பம்ப் முனகியது. கண்ணாடிக்கடைக்காரருக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல் நெஞ்சு நிமிர்ந்தது.

"இப்போ போடுங்க மாமா."

ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அவர் எடுத்தது ஒன்றுதான். ஒன்றே ஒன்று! இடுக்கி வேறெங்காவது பட்டு எதையாவது புகைத்துவிட்டதோ?

"பியூஸ் இல்லைன்னு சொன்னா, புதுசு மாட்டினா. இப்பவும் வரலியே" என்றார் மச்சான். அந்தக் குரலில் டயர் கடைக்காரன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

"விடாம சுத்துங்க மச்சான்! பெட்ரோல் மேல ஏறி வரணும்ல!"

"ஐயோ, வேண்டாம்பா" என்று மகள் சொல்வதற்குள் மச்சான் சாவியை முறுக்கிப் பிடித்துவிட்டார். தெருவெங்கும் பெட்ரோல் நெடி. கம்பீரமாகச் சுற்றிய ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து முனகி ஓய்ந்தது. நன்றாக இருந்த பேட்டரியும் படுத்துவிட்டது.

டாக்டருக்கு இரக்கம் பிறந்தது. தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கிற ஒயர்களை எடுத்துக் கொடுத்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிற அவசரத்தில் கண்ணாடிக்கடைக்காரர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, சிவப்பை மாட்ட வேண்டிய இடத்தில் கறுப்பை மாட்டப் போனார். மகள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா, தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க!"

அவர் அவளைக் கேட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"அம்மாடி, அந்த பியூஸை எடுத்தது..."

"நீங்கதான். தெரியும்."

"எப்படி?"

"பியூஸ் எரிஞ்சு போகும்பா. எழுந்து போகாது. அதுவுமில்லாம அந்த இடத்துல உங்க இடுக்கி போட்ட கீறல் வேற."

"நீ ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணுவே, மச்சான் அசந்து போவார்னு நெனச்சேன். என் கை பட்டு வேற என்னமோ கெட்டுப்போச்சு. நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா ஷெட் கிடைக்காதுப்பா."

"போனா போகட்டும். உனக்கு வேலை தெரியலைன்னு ஒருத்தர் நெனச்சுட்டுப் போறதுக்கு, அப்பன் திருட்டுப்பயன்னு நெனச்சுட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு நிஜமாகவே நடக்க ஆரம்பித்துவிட்டார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கணம் அவள் முகம் வேறு மாதிரி ஆயிற்று. பிறகு, "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்கப்பா. வண்டியில என்னன்னு நான் பார்க்கிறேன்" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். வாழ்நாளில் அவர் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

"பெட்ரோல் இப்போ வருது. மூக்கே சொல்லுது. அப்போ வராதது ஸ்பார்க்" என்று மகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்பார்க் கொடுக்கிற காயில் வரைக்கும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அதன் முனை மாட்டினபடியேதான் தெரிந்தது. லேசாக இழுத்தாள், கையோடு வந்துவிட்டது. அவள் புருவம் உயர்ந்தது. 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினாள். டாக்டர் கார் பேட்டரியிலிருந்து ஒயர்களையும் ஒழுங்காக இணைத்தாள்.

"மாமா, உள்ள பெட்ரோல் தேங்கியிருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே போடுங்க."

இன்ஜின் இருமியது. மறுபடி இருமியது. ஒரு வண்டிப் புகையைக் கக்கிவிட்டு உறுமிக்கொண்டு எழுந்தது.

டாக்டர் கைதட்டினார். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இருக்கிற ஒவ்வொரு கதவையும் தட்டி, "பார்த்தீங்களா? என் பொண்ணு!" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கண் கலங்கியதற்குப் பெட்ரோல் நெடிதான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மச்சான் இறங்கி வந்து இன்ஜினைப் பார்த்தார். மருமகளின் கறுத்த விரல்களைப் பார்த்தார்.

"ஒரே நேரத்துல ரெண்டு கோளாறு! ஒண்ணு சரியாகியும் வண்டி வரலைன்னா எங்க வழக்கமான மெக்கானிக் கையை விரிச்சிருப்பான். நீ அசரவே இல்லையேம்மா!" என்றவர், காருக்குள் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றே?"

வந்ததிலிருந்து 'டீ நல்லா இருக்கு' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத அந்த அம்மாள், கைப்பையைத் திறந்து ஷெட்டின் சாவியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வச்சுக்கோ கண்ணு. டயர் கடைக்காரனுக்கு அவர் பதில் சொல்லிக்குவார்."

மகள் சாவியை வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் நிமிர்ந்த நிமிர்வில் கேட்டே சின்னதாகத் தெரிந்தது.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு மச்சானும் மகளும் டாக்டரிடம் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரர் நன்றி சொல்லக் கார் ஜன்னல் பக்கம் குனிந்தார். மச்சானின் மனைவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, இவ கைவேலையைப் பார்த்துட்டுச் சாவியைக் கொடுக்கலாம்னு நான் அந்தக் காயில் ஒயரை மட்டும்தான் கழட்டி வச்சேன். பியூஸை எடுத்தது யாரு?"