அரைக்கண் தியானம்

கண்மூடித் தியானிப்பவரை நம்பிவிடலாம். நம்மைக் கண்மூடச் சொல்பவரை நம்புவதுதான் கடினம். இந்த ஐயத்தால் நான் எனக்கு வாய்க்கவிருந்த பெண்ணையே இழக்கப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளின் தொடக்கம். குருநகரில் பெண் பார்க்க அக்காவுடன் சென்றிருந்தேன். தேநீர் முடிந்ததும் பெண்ணின் தகப்பனார், "செபம் சொல்லிப்போட்டுக் கதைப்பம்" என்றார். அவ்வீட்டு வழக்கப்படி அவர் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்பார். எல்லாரும் கண்மூடிச் சற்றுநேரம் சிந்திப்பர். பின்னர் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைத் தொட்ட இடத்தைச் சொல்லவேண்டும். (இது செபமில்லை, சோதினை எண்டு அப்பவே விளங்கிட்டுது.)

ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கொளியில் அவர் வாசித்தார். நான் கேட்கவில்லை. வாசிப்பவருக்குரிய விளக்கைப் பெண்ணின் தாயார் ஏன் சிறிது சிறிதாக என் முகத்தருகே நகர்த்துகிறார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மௌனம் தொடங்கியது. ஒரு கண்ணை இழையளவு திறந்தேன். தாயாரின் இரு கண்களும் என்மீது நிலைத்திருந்தன. மூடிவிட்டு, உறுதிசெய்துகொள்ள மற்றக் கண்ணைத் திறந்தேன். அவர் இமைக்கவே இல்லை. காவலரணில்கூட என்னை எவரும் அவ்வளவு கூர்ந்து சோதித்ததில்லை.

"தம்பி, உங்களைத் தொட்ட இடத்தைச் சொல்லுங்கோ" என்றார் தகப்பனார்.

வாசித்தது எந்தப் பகுதியென்றே எனக்குத் தெரியாது. "பகைவரையும் நேசிக்கச் சொன்ன இடம், ஐயா" என்றேன். (வாய் தன்ரைபாட்டிலை சொல்லிப்போட்டுது.)

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் வாசிச்சது கானாவூர்க் கலியாணம்."

"ஆர் தம்பி பகைவர்?" என்ற தாயார் கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்கோ, உவர் செபிக்கேல்லை. அரைக்கண்ணாலை என்னையே பாத்துக்கொண்டிருந்தவர். உந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள். அப்போதுதான் பெண் முதன்முறையாக வாய்திறந்தாள்: "அம்மா, நீங்களுந்தானே அவரைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

"அது உனக்கு எப்பிடியடி தெரியும்?"

பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தகப்பனார் புத்தகத்தை மெல்ல மூடினார்.

"அப்ப நான் ஒருத்தன்தான் செபிச்சனானோ?"

முதலில் சிரித்தவர் தாயார்தாம். அத்துடன் சம்பந்தம் உயிர்தப்பியது.

திருமணத் திருப்பலிக்கு எந்த நற்செய்தியை வாசிப்பதென்று பங்குச் சுவாமியார் கேட்டபோது, பகைவரை நேசிக்கும் பகுதியை மாமியே தெரிவுசெய்தார். இன்றும் அவர் வாசற்படலையைத் திறந்தால் என் பிள்ளைகள் உள்ளே பார்த்துக் கூவுவார்கள்:

"அப்பா, உங்கடை பகைவர் வந்திட்டா!"

"கெதியா வந்து நேசிக்கச் சொல்லு" என்று படலையிலிருந்தே பதில் வரும்.