காட்டு ரயிலுக்குப் பெட்டி பொறுக்கிய கரடி

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. மற்ற கரடிகள் தேன் தேடிப் போகும் நேரத்தில் அது பொம்மை ரயில் தேடிப் போகும். பொம்மை என்று யாராவது சொன்னால் கடிக்க வரும். "மாடல் ரயில்" என்று திருத்தும்.

அந்தக் காட்டில் முன்னொரு காலத்தில் நிஜ ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆயிற்று. நிலக்கரி எஞ்சின் ஓடிய அந்த நாட்களைச் சின்ன உருவத்தில் அப்படியே செய்துவிட வேண்டும் என்று கரடிக்கு ஆசை. மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் ஒரு பெரிய மேஜைமேல் தயாராகிவிட்டன. குகையில் வேறு எதற்கும் இடமில்லை. குட்டிகள் மேஜைக்கு அடியில் தூங்கின.

"சிங்கராஜா நடத்துற மாடல் ரயில் கண்காட்சியில ஜெயிச்சா அருவிக்கரை குகை பரிசாம். ஜெயிச்சு, மேஜையை அங்கே கொண்டு போங்க. தோத்தா விறகாக்கிடுவேன்" என்றது மனைவி அலமேலு. விளையாட்டுக்குச் சொல்கிற குரலாக இல்லை.

எஞ்சினும் பெட்டிகளும்தான் பாக்கி. நரி கடையில் பளபளவென்று ஒரு கறுப்பு எஞ்சின் வாங்கி வந்தது கரடி. பார்க்க வந்தது முள்ளம்பன்றி ஏகாம்பரம். ரயில் சரித்திரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அதன் எண்ணம். அந்த ரயிலை அது கண்ணால் பார்த்ததே இல்லை.

"புகைபோக்கி உயரம். இது சமவெளி எஞ்சின், மலை ஏறாது."

"மேஜையில ஏறுதே அண்ணே!"

"மேஜையில ஏறலாம் தம்பி. சரித்திரத்துல ஏறாது."

கரடி எஞ்சினை மாற்றி, இரும்புப் பெட்டிகளும் வாங்கி வந்தது. அடுத்து கொக்கு சற்குணம் வந்து, "இரும்புப் பெட்டியா? அந்தக் காலத்துல மரப்பெட்டிதானே!" என்றது. கரடி மரப்பெட்டி வாங்கியது. முள்ளம்பன்றி அதற்குச் சிவப்பு அடிக்கச் சொன்னது. கொக்கு பச்சைதான் என்றது. இரண்டும் கட்டிப் புரண்டதில் கொக்கின் தொடையில் முள் ஏறியது, பாலம் சாய்ந்தது. கரடி பாலத்தை நிமிர்த்திவிட்டு, சிவப்பின்மேல் பச்சை, பச்சையின்மேல் சிவப்பு என்று பூசிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெயிண்ட் இறுகிச் சக்கரமே சுற்றவில்லை.

கண்காட்சி அன்று காலை அலமேலு கோடாலியைத் தீட்டும் சத்தம் கேட்டது. கரடிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ரயிலைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டு, ரயில் இல்லாத மேஜையைச் சுமந்துகொண்டு போனது.

சிங்கராஜா குனிந்து பார்த்தார். "ரயில் எங்கேப்பா?"

கரடி என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னது:

"லேட்டு, மகாராஜா."

முள்ளம்பன்றி பூதக்கண்ணாடியோடு தண்டவாளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடியது. ஒரு பிழையும் அகப்படவில்லை. கொக்குக்குக் கண் கலங்கியது. "அந்தக் காலம் அப்படியே கண்முன்னால நிக்குது" என்றது. முயல்கள் மூட்டை முடிச்சோடு வந்து வரிசையில் உட்கார்ந்தன. சிங்கராஜாவும் மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு, அருவிக்கரை குகையைக் கரடிக்கே கொடுத்தார்.

குரங்கு கொண்டுவந்த ரயில் விளக்கெரிய, விசில் அடித்து, சொன்ன நேரத்துக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. சரித்திரத்துக்குப் புறம்பானது என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

நீதி: ஓடுகிற ரயிலில் ஆயிரம் குறை கண்டுபிடிப்பார்கள், வராத ரயிலுக்கு மாலையோடு காத்திருப்பார்கள். ஆகவே குழந்தைகளே, எதையும் செய்து முடித்துத் தொலைக்காதீர்கள்.