மூன்று நகல்களும் தங்களை வந்தடைந்தமை தொடர்பாக

வாசகர் சங்க நூலகம்,
பசறை வீதி, பதுளை.
23.08.2004

பெருமதிப்புக்குரிய ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் மகன் மதுசூதனனும் கதிர்காமக் கந்தன் அருளால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இவ்விடத்தில் நாங்களும் சுகம் என்று எழுதுவது மரபு. இந்தக் கடிதத்தில் பொய் எதுவும் வரக்கூடாது என்று தீர்மானித்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை தாங்கள் பண்டாரவளையிலிருந்து குடும்பத்தோடு வந்து, என் மகள் லக்ஷிகாவுக்கும் மதுசூதனனுக்குமான கலியாணப் பேச்சை முற்றாக்குவதாக இருந்தது. சென்ற வியாழக்கிழமைக்குப் பிறகு தங்கள் வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். பதுளையில் தெரியாதவர்களும் அதிகம் பேர் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி, ஒழுங்கு முறையில் எழுதுகிறேன். வாசித்து முடிக்கும் வரை கிழிக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

எங்கள் நூலகத்துக்குக் கணினி வந்ததும், அதோடு மின்னஞ்சல் வந்ததும் தாங்கள் அறிந்ததே. கொழும்பிலிருந்து கிஷாந்தன் என்று ஒரு தம்பி வந்து எங்களுக்குப் பயிற்சி தந்தார். பொறுமையான பிள்ளை. நான் ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டேன், இருமுறையும் சொன்னார். கடிதம் எழுதி முடிந்தபின் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அனுப்புற பொத்தானை அமத்துங்கோ ஐயா, மிச்சத்தை அது பாக்கும்" என்றார். இந்த மிச்சம் என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது. நான் அலுவலகத்தில் வளர்ந்தவன் மாஸ்டர். அங்கே எழுதுவினைஞர் கடிதத்தை எழுதி மேலே அனுப்புவார், மேலே இருப்பவர் பார்த்துக் கையொப்பமிடுவார், அதன்பிறகுதான் அது கடிதம். கையொப்பம் இல்லாதது வெறும் தாள். எனவே அனுப்புவது என்றால், எங்கள் பிரதம நூலகர் திருமதி சுலோஜனா அவர்களுடைய மேசைக்கு அனுப்புவது என்றே நான் விளங்கிக்கொண்டேன். இத்தனை பெரிய யந்திரத்துக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முக்கியமான எந்தக் கடிதத்தையும் நான் மூன்று நகலாக எழுதுவேன்: கடுமையாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மென்மையாக ஒன்று. மேலதிகாரி பொருத்தமானதைத் தெரிந்து ஒப்பமிடுவார், மற்ற இரண்டும் குப்பைக்கூடைக்குப் போகும். இப்படிச் செய்தால் எந்த முடிவையும் நான் எடுக்க வேண்டியதில்லை. என் மனைவி ஜெயமலர் சொல்வாள், "உங்களுக்கு மூண்டு நகல் எழுதாமல் தேத்தண்ணி கேக்கவும் தெரியாது" என்று. கலியாணம் செய்த நாளிலிருந்து சொல்கிறாள்.

சென்ற வியாழக்கிழமை, தவணை கடந்த நூல்களை வைத்திருப்போரைக் கணினி தேடித் தந்தது. முதலில் வந்தது தங்கள் பெயர். 'ரோஜா வளர்ப்பும் ஒட்டுக்கட்டும் முறைகளும்', தீபாவளிக்கு முன் எடுத்தது. எழுதினால் சம்பந்தம் என்னவாகும், எழுதாவிட்டால் சம்பந்தி என்று விட்டுவிட்டான் என்ற பேர் வரும். இந்தத் தர்மசங்கடத்திலிருந்து தப்பத்தான் வழக்கம்போல மூன்று நகலாக எழுதி, பெறுநர் இடத்தில் தங்கள் முகவரியை இட்டு, திருமதி சுலோஜனாவுக்கு ஒரு குறிப்பையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அமத்தினேன். மனம் இலேசானது. ஒரு பிளேன்டீ கேட்டேன்.

மாஸ்டர், தங்களுக்கு வந்தவற்றைத் தாங்கள் வாசித்திருப்பீர்கள். ஆயினும் மறைக்கக்கூடாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். மென்மையான நகலில், அந்த நூல் தங்கள் கையில் இருப்பது நூலகத்துக்குப் பெருமை, திரும்பி வந்தால் பெருமை கூடும் என்று எழுதியிருந்தேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை. நடுத்தரமானதில் பாதகமில்லை. கடுமையானதில், "ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொது நூல்களில் பென்சிலால் கோடிடுவதும், தீபாவளிக்கு எடுத்ததை ஆவணி வரை வைத்திருப்பதும் மாணவ சமுதாயத்துக்கு எவ்வகை முன்மாதிரி?" என்று இருந்தது. அந்த வரியை எழுதியபோது, நல்ல வரி என்று எனக்குள் ஒரு சிறு பெருமையும் உண்டானது. அதற்கு வெட்கப்படுகிறேன். எல்லாவற்றிலும் மோசம் அந்தக் குறிப்பு: "அம்மணி, இவர் என் சம்பந்தியாக வரவிருப்பவர். முதலாவது நகல் நியாயமானது. மூன்றாவது எனக்கு வசதியானது. தாங்களே தீர்மானிக்கவும். இவர் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினமாதலால் தொலைபேசியில் அறிவிப்பது உசிதமன்று."

என் பக்கத்து மேசையில் இருக்கும் ஸுபைரா என்ற உதவியாளர்தான் முதலில் கண்டார். "என்ன செஞ்ச சேர் நீங்க? இது மேடத்துக்கு போகல்ல. அவருக்கே போயிருக்கு. மூணும் போயிருக்கு" என்றார். திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். "தபால் பெட்டியா சேர், கைய விட்டு எடுக்க? போனது போனதுதான்" என்றார். சற்று நேரத்தில், தாங்கள் மின்னஞ்சல் பார்க்கப் போகும் கடையின் ஸஹாப்தீன் நானாவிடமிருந்து தொலைபேசி வந்தது. "சேர், மாஸ்டருக்கு மூணையும் பிரின்ட் எடுத்துக் குடுத்தன். நின்டுக்கிட்டே வாசிச்சாரு. டீ குடுத்தன், குடிக்கல்ல" என்றார். நேரில் காணாவிட்டாலும், அந்த டீ ஆறிக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் இது இரண்டு குடும்பத்துக் காரியமாக முடிந்திருக்கும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. தவறான கடிதம் வெளியே போனால் அதை எழுத்தில் ரத்துச் செய்ய வேண்டும். எது ரத்தாகிறது என்று தெரியும்படி மூலத்தின் பிரதியை இணைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அனுப்ப வேண்டும். நான் இந்த மூன்றையும் தவறாமல் செய்தேன். மூன்று நகல்களையும் குறிப்பையும் இணைத்து, "மேற்குறித்தவை ரத்து" என்று எழுதினேன். அனுப்பும் இடத்தில் 'எல்லா வாசகர்க்கும்' என்று ஒரு வழி இருந்தது. நூலகத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் வாசகர்கள்தானே என்று எண்ணி அதைத் தொட்டேன். ஸுபைரா கதிரையை விட்டு எழும்பி ஓடி வந்தார். அதற்குள் அமத்திவிட்டேன். பயத்தில் என் விரலுக்கு இருந்த வேகம் வேறு எதிலும் எனக்கு இருந்ததில்லை.

திருமதி சுலோஜனா என்னை அழைத்தார். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, என்ர ஒப்பத்துக்கு எழுதின கடிதம் எனக்கு வரேல்லை, ஊர் முழுக்க வந்திருக்கு" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். ஏசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை பஸ் நிலையத்தில், எங்கள் வாசகர் மாரிசாமி, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருப்பவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய மகள் யசோதினி ஆசிரியை. அவளுக்கு வந்த மின்னஞ்சலை வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "என்னங்கய்யா, சம்பந்தி பொஸ்தகத்த கொண்டாந்து குடுத்துட்டாருங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்க லயத்துல மொத நகலுக்குத்தாங்க ஆதரவு. ஆனா பொம்பளைங்க எல்லாம் மூணாவதுதான் நல்லாருக்குங்கறாங்க. நடுவுல உள்ளத யாருமே கேக்கலீங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. வீடு வரை நடந்தேன்.

வீட்டில் ஜெயமலர் என்னோடு பேசவில்லை. அது பழகிய தண்டனை, தாங்கிக்கொள்ளலாம். லக்ஷிகா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. இன்று காலை, நான் வேலைக்கு இறங்கும்போது, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, வெள்ளிக்கிழமைக்கு முன்னறையைத் துப்புரவாக்கிறதோ, விடுறதோ?" என்று மட்டும் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், துப்புரவாக்கு பிள்ளை என்றேன். நம்பிக்கையினால் சொல்லவில்லை மாஸ்டர். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

தாங்கள் தை மாதம் முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். நல்ல மழை. குடையை ஒரு கையிலும், வெலிமடைக் கரட்டும் லீக்ஸும் நிறைந்த பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். மகளுடைய பேச்சு என்ற பதற்றத்தில், வாங்கோ என்று சொல்லவும் மறந்தேன். தாங்கள் தந்த பையை வாங்கி எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. தாங்கள் ஏதோ சொன்னீர்கள், நான் ஓமோம் என்றேன். என் பதற்றத்தைக் கண்டும் காணாததுபோல் தாங்கள் ரோஜாச் செடிகளைப் பற்றி நீண்ட நேரம் பேசினீர்கள். எனக்காகத்தான் பேசினீர்கள் என்பது இப்போது புரிகிறது. அதைத்தான் நான் நிறுத்துவது கடினம் என்று எழுதியிருக்கிறேன்.

சொன்ன விதத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் பணிவோடு நிலைநாட்ட அனுமதிக்க வேண்டும். நூல் தங்களிடம் இருக்கிறது. என் விரல் பிழைத்திருக்கலாம், என் பதிவு பிழைக்காது. இத்தனை வருட சேவையில் எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஆகவே வெள்ளிக்கிழமை வரும்போது, தயவுசெய்து அந்த நூலையும் கையோடு எடுத்து வாருங்கள். எல்லோரும் காணும்படி கொண்டுவந்தால் ஊர் வாயும் மூடும், என் மானமும் ஓரளவு மிஞ்சும்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். மதுசூதனனுக்கு என் ஆசிகள். மாமனாரைப் பார்த்து எவரும் பெண் எடுப்பதில்லை என்பதை அவர் நினைவில் கொள்ளட்டும். தங்கள் தோட்டத்து ரோஜாக்கள் இந்தக் காற்றைத் தாங்கி நிற்கட்டும்.

தலை குனிந்து,
வ. தில்லையம்பலம்

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட வீட்டுக்குக் கொண்டுவந்தபோது லக்ஷிகா முன்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். துப்புரவாக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. அலுமாரிக்கு மேலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். 'ரோஜா வளர்ப்பும் ஒட்டுக்கட்டும் முறைகளும்.' தாங்கள் கொண்டுவந்த பையில், கரட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது. தாங்கள் அன்று ஏதோ சொன்னதும், நான் ஓமோம் என்றதும் அதைப் பற்றித்தான். மரக்கறியை எடுத்த ஜெயமலர், நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்தது என்று நினைத்து மேலே வைத்துவிட்டாள். தை மாதத்திலிருந்து, தவணை கடந்த நூலை வைத்திருப்பவன் நான்தான்.

லக்ஷிகா தலை நிமிராமல், "மாமா கோடு போட்ட இடமெல்லாம் சரியான இடம்தான் அப்பா" என்று சொல்லி ஒன்றை வாசித்துக் காட்டினாள்: "ஒட்டுக்கட்டிய செடியை, பிடித்துவிட்டதா என்று உடனே அசைத்துப் பார்க்கலாகாது." தாங்கள் இரண்டு தரம் கோடிட்டிருக்கிறீர்கள். மாமா என்று அவள் சொன்னதைக் கேட்டபின் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே மேலே உள்ள கடிதம் முழுவதையும் இத்தால் ரத்துச் செய்கிறேன். எது ரத்தாகிறது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால், முறைப்படி அதையே இணைத்து அனுப்புகிறேன். இதற்கு வேறு நகல் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வாருங்கள் மாஸ்டர். முன்னறை துப்புரவாக இருக்கும்.