வாங்கும் முன்னே பொங்கிய பால்

அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றுதான். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை வங்கி அதிகாரிக்குத் திறந்து காட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் கடனைக் கட்ட முடியாமல் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டார். கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு அவர் எனக்கு விற்க, வங்கியும் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை, வீடு காலியாக இருக்க வேண்டும். மதியம் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சாவி என் கையில்.

காலையில் என் மனைவி விஜயா ஆரம்பித்தாள். "நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கே பால் காய்ச்சிடலாம்."

"இன்னும் வாங்கவே இல்லியே!"

"அப்ப ஆடியில காய்ச்சறீங்களா?"

நான் சரியா தப்பா என்று யோசித்து முடிப்பதற்குள் அந்த வீட்டு வாசலில் கோலம் போட்டு, மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டாள்.

புது வீட்டுக்குள் முதலில் உப்பு போக வேண்டுமாம். சுற்றிலும் உப்பளம். நான் கடையில் பாக்கெட் உப்பு வாங்கி வந்தேன். என் புத்தி அப்படி!

அடுப்பைப் பற்ற வைத்ததுதான் தாமதம், வாசலில் பைக் சத்தம். மதியம் வரவேண்டிய அதிகாரி!

கோலத்தின் முன்னால் நின்றார். "யாருங்க குடியிருக்கறது?"

"யாருமில்ல சார். காலி வீடு."

உள்ளேயிருந்து விஜயா கத்தினாள். "ஏங்க, பால் பொங்கிடுச்சு! ஓடியாங்க!"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தேன்.

"வீடு சுத்தம் பண்றவங்க சார்."

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். "பட்டுப் பொடவையிலயா?"

அந்த நேரம் பார்த்து, கோலத்தைக் கண்டுவிட்ட பக்கத்து வீட்டு அஞ்சலை ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தாள். தட்டை என் கையில் திணித்தாள்.

"இன்னாண்ணே, சொல்லாம கொள்ளாம குடி வந்துட்டீங்க! சார் யாரு, சம்பந்தியா?"

அதிகாரி பேனாவை மூடினார். "ஆளு குடியிருந்தா இந்த வெலைக்குத் தர முடியாதுங்க."

"காலி பண்ணிடறோம் சார்! இப்பவே!"

அடுப்பை அணைத்தேன். தோரணத்தை அவிழ்த்தேன். கோலத்தை என் கையாலேயே பெருக்கித் தள்ளினேன். விஜயா பால் பாத்திரத்தோடு தெருவில் நின்றாள். அஞ்சலை தட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "காலி பண்றதுக்கெல்லாம் யாராவது மொய் வைப்பாங்களாண்ணே?"

அதிகாரி வெறும் வீட்டைப் போட்டோ எடுத்தார். விஜயா நீட்டிய பாலைக் குடித்தார். கையெழுத்துப் போட்டார்.

வங்கி ஒத்துக்கொண்டது, விஜயாதான் ஒத்துக்கொள்ளவில்லை. காலி பண்ணின வீட்டுக்குப் பழைய பால் செல்லாதாம், அன்றைக்கு வேறு நல்ல நேரமும் இல்லையாம். சொந்த வீடு வாங்கியும் ஆவணி வரை நாங்கள் வாடகை வீட்டில்தான்.