ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு என் டீசல் கார் போன கதை

கார் வாங்கும் வரை மனிதன் நாலு பேரிடம் யோசனை கேட்பான். வாங்கிய மறுநாளிலிருந்து நாலு பேருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவான். நான் மறுநாள் வரைகூடக் காத்திருக்கவில்லை.

அப்போது நான் ஹட்டனில் விஞ்ஞான ஆசிரியர். வீடு நோர்வூட்டில். ஹைபிரிட் கார்கள் கொழும்பில் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம். என் மனைவி ரோஸ்லினின் அண்ணன் சேவியர் கொழும்பில் வேலை பார்த்தார். அவர் ஒரு ஹைபிரிட் வாங்கி எங்கள் வாசல் வரை ஓட்டி வந்திருக்கிறார். கதவைத் தட்டிய பிறகுதான் கார் வந்ததே எங்களுக்குத் தெரிந்தது. அவ்வளவு அமைதி.

“நீங்களும் இதையே எடுங்க மாப்புள. எறக்கத்துல பிரேக் புடிச்சாலே பேட்டரி சார்ஜ் ஏறிக்கும்” என்றார்.

“எறக்கம் கொழும்புக்குப் போற உங்களுக்கு மச்சான். நாங்க வீட்டுக்கு வர்றது ஏத்தத்துல” என்றேன்.

அந்தப் பதிலில் எனக்கே பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்திலேயே ஒரு சின்ன டீசல் காரை எடுத்துவிட்டேன். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும், ஹைபிரிட் பேட்டரி படுத்துவிட்டால் ஹட்டனில் யார் பார்ப்பது என்றெல்லாம் காரணங்கள் வைத்திருந்தேன். (எல்லாமே நியாயமான காரணங்கள். இன்றைக்கும் ஒன்றைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன்.) என்ன, ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்க்கும். மற்றபடி தங்கமான வண்டி.

அதன் பிறகு ஆசிரியர் ஓய்வறையில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. ஒளித்தொகுப்பு பாடம் நடத்தப் போனாலும் பாதியில் டீசல் இஞ்சினுக்குள் இறங்கிவிடுவேன். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பதை அந்த வருடப் பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் ரோஸ்லினின் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீடு எங்கள் வீடு. மாதா கோயில் பொகவந்தலாவையில். பெண்ணை எந்தக் காரில் அழைத்துப் போவது என்று பேச்சு வந்ததும் வீடே சேவியர் மச்சானின் காரைக் காட்டியது. வெள்ளை நிறம், புதுசு, சத்தமில்லாதது.

நான் எழுந்து நின்றேன். “மலை ரோட்டுல பாதியில பேட்டரி படுத்துருச்சுன்னா என்ன செய்வீங்க? பொண்ண எறக்கித் தள்ளச் சொல்லுவீங்களா?”

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

ஸ்டெல்லா மட்டும் சொன்னாள்: “எதுல வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க அத்தான். நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுருங்க. நமக்கு அடுத்து ஃபாதருக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு.”

இதற்குள் என் மனதில் ஒரு ரகசியத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே டேங்க் டீசலில் என் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று சோதித்துக்கொண்டிருந்தேன். கோயில் வரை போய்ச் சேர்ந்துவிட்டால், விருந்தில் வாழ்த்துரை என்ற பெயரில் அந்தக் கணக்கைச் சேவியர் மச்சானின் முகத்துக்கு நேரே அறிவிப்பதாக உத்தேசம். (மணமக்களையும் கடைசியில் வாழ்த்தியிருப்பேன்.)

கல்யாணத்தன்று காலை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஹைபிரிட் முன்னால் போய்விட்டது. என் காரில் ஸ்டெல்லாவும் ரோஸ்லினும் மட்டும். எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ. அதில் வீடியோக்காரர் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து எங்களைப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். பெற்றோல் ஷெட்டைக் கடக்கும்போது ரோஸ்லின் எட்டி மீட்டரைப் பார்த்தாள்.

“முள்ளு கீழ படுத்துக் கெடக்கு. கொஞ்சம் ஊத்திக்குங்க.”

“டீசல் வண்டிக்கு முள்ளு அப்படித்தான் காட்டும். உள்ள நெறைய இருக்கு.”

இதை எந்த விஞ்ஞானத்தில் படித்தேன் என்று இன்று வரை தெரியவில்லை.

பாதி வழியில், இரண்டு பக்கமும் தேயிலை மட்டுமே இருந்த ஒரு வளைவில், கார் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றது. சுற்றிலும் அப்படி ஒரு அமைதி. ஹைபிரிட்கூட அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

அதிர்ஷ்டவசமாகத் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று வந்தது. டிரைவர் ஒரு கேன் டீசல் கொடுத்துவிட்டுப் போனார். ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர் என்றது, பிடிக்கவில்லை.

“பயப்படாதீங்க. டீசல் தீர்ந்ததுனால குழாய்க்குள்ள காத்துப் புகுந்துருக்கு. எடுத்துட்டாச் சரியாப் போயிரும்” என்று பாடம் நடத்திவிட்டுக் கோட்டைக் கழற்றி வைத்தேன். அறிவு சரிதான். எந்தத் திருகாணியைத் தளர்த்த வேண்டும் என்பதில்தான் சந்தேகம். ஒன்றைத் தளர்த்தினேன். டீசல் பீய்ச்சி அடித்தது. வெள்ளைச் சட்டை, டை, மீசை எல்லாம் நனைந்தன. துடைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். கிர்ர். கிர். கி. இப்போது பேட்டரியும் படுத்துவிட்டது.

ஸ்டெல்லா அழவில்லை. அழுதால் மேக்கப் கலைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்னால் நின்ற ஆட்டோவில் அவளுடைய கல்யாணக் கவுன் மட்டும்தான் ஏறும்.

“அத்தான், ஃபாதர் அடுத்த பொண்ணுக்குத் தாலி எடுத்துக் குடுத்துருவாரு.”

அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். பானட்டில் கை ஊன்றி நின்று ஆரம்பித்தேன்: “டீசல் வண்டிங்கிறதுனாலதான் இந்த அளவுலயாவது நிக்கிறோம் ஸ்டெல்லா. இதே ஹைபிரிட்டா இருந்தா ஜப்பான்லருந்து இஞ்சினியர் வரணும். அது வண்டியே இல்ல. சக்கரம் வச்ச குளிர்சாதனப் பெட்டி. அத வாங்கினவங்க எல்லாம்...”

ரோஸ்லின் கண்ணால் என்னவோ ஜாடை காட்டினாள். திரும்பினேன். எனக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், வெள்ளை ஹைபிரிட் நின்றிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துச் சேவியர் மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்ணைக் காணவில்லை என்று கோயிலிலிருந்து தேடி வந்திருக்கிறார். எப்போது வந்தார், எங்கிருந்து கேட்டார், ஒன்றும் தெரியாது.

“முடிச்சுருங்க மாப்புள. வாங்கினவங்க எல்லாம்?”

“...உதவிக்கு வர்றவங்க” என்றேன்.

ஸ்டெல்லா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் காருக்கு ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் நன்றாக நடந்தது. நான் வீடியோக்காரரின் ஆட்டோவில் போய்க் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். வாழ்த்துரைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எல்லாரும் மறந்திருப்பார்கள். ஆனால் அந்த வீடியோக்காரர் கடமை தவறாதவர். வளைவில் நடந்தது முழுவதையும் படம் பிடித்திருந்தார். போதாததற்கு, நான் பானட்டுக்குள் குனிந்திருக்கும் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, சுற்றிலும் இதய வடிவத்தில் ரோஜாப்பூச் சட்டம் போட்டு, ஒரு காதல் பாட்டையும் சேர்த்துவிட்டார். சட்டத்துக்குள் நானும் காரும் மட்டும்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்த வீடியோ ஓடும். ஒரு வருடம், ஸ்டெல்லாவின் மகளுக்கு விவரம் தெரியத் தொடங்கிய வயதில், அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “அம்மா, பெரியப்பா அந்தக் காரையா கல்யாணம் கட்டினாரு?”

“ஆமாண்டி. நான் தோழிப் பொண்ணாத்தான் போனேன்” என்றாள் ஸ்டெல்லா.

என் டீசல் கார் இன்றும் ஓடுகிறது, ஏற்றத்தில் அப்படி இழுக்கிறது. ஆனால் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஸ்டெல்லாவின் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி, அதன் பானட்டைத் தட்டி மரியாதையாக விசாரிக்கிறார்கள்:

“சௌக்கியமா இருக்கீங்களா, டீசல் பெரியம்மா?”