வல்லினம் மிகும் இடம்

'தாய் குட்டியை முதுகில் சுமக்கும்' என்று எழுதி முடித்துப் பிரஷைக் கழுவப் போகும்போதுதான், அந்தத் தாயின் முதுகிலிருந்து இறங்கிய குட்டி, பக்கத்தில் இருந்த தகப்பனிடம் போய்ப் பால் குடித்தது.

பலகைக்காரர் கையிலிருந்த பிரஷ் நழுவியது.

மிருகக்காட்சிசாலையில் எல்லாக் கூண்டுக்கும் பலகை எழுதுகிறவர் அவர். வருஷக் கணக்காக எழுதுகிறார். எழுதியதை அன்றைக்கே மறந்தும் விடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரே ஒரு குறை, வேண்டாத இடத்தில் எல்லாம் ஒரு 'க்' போட்டுவிடுவார். பெரியக் கரடி. அரியக் கிளி. யாராவது சொன்னால், "இருந்துட்டுப் போகட்டுமே, அழுத்தமா இருக்குல்ல" என்பார்.

வயிறு நிறைந்ததும் குட்டி நேரே பழைய முதுகுக்குத் தாவியது. அப்படியானால் சுமப்பது அப்பா. பால் கொடுப்பதோடு அம்மாவின் வேலை முடிந்தது. பிறகு இரண்டும் ஒட்டி உட்கார்ந்து, தொங்கிய வால்கள் இரண்டையும் சடை பின்னுகிற மாதிரி முறுக்கிக்கொண்டன. டிட்டி என்ற குரங்கு. பூனை அளவுகூட இல்லை. இத்தனை காலம் புலி, யானை எல்லாம் பார்த்தவருக்கு அன்றைக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது.

'தாய்' என்பதை அழித்துத் 'தகப்பன்' என்று எழுதினார். பின்னாலேயே புது இயக்குநர் வந்து நின்றார்.

"இப்பத்தானே தாய்னு இருந்துச்சு?"

"புத்தகத்துல அப்படித்தான் சார் இருந்துச்சு. இப்ப கண்ணால பார்த்தேன்."

"உங்க கண்ணெல்லாம் ஆதாரமா? மூணு நல்ல புத்தகத்துல இருக்கறத எழுதுங்க. நாளைக்கு இந்தக் கூண்டுக்குத் திறப்பு விழா. தப்பா இருந்தா, நீங்க நாளையிலேர்ந்து வாசல்ல டிக்கெட் கிழிக்கலாம்."

பிரஷைப் பிடித்த கைக்கு டிக்கெட் கிழிப்பதா? பலகைக்காரர் ஓட்டமும் நடையுமாக நூலகத்துக்குப் போனார். முதல் புத்தகத்தைத் தேடிக் கொடுத்த மச்சான் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

"வேற புத்தகம் எடுடா மாப்ளே. இது சரியில்ல."

மச்சான் இன்னொன்றை எடுத்தான். 'இச்சிறியக் குரங்கின் தாய், குட்டியை முதுகில் சுமக்கும்.' மூன்றாவதிலும் அதே வரி.

"ஆராய்ச்சி ஏதாவது இருக்கா?"

தலையணைக் கனத்தில் ஒரு ஆய்வேடு வந்தது. அதிலும் அதே வரி.

"விடுங்க மாமா. இத்தனை பேர் சொல்றாங்க, தாய்தான். உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்."

திரும்பி வந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, 'தாய்' என்று எழுதினார். நிமிர்ந்தால், குட்டியைச் சுமந்தபடி அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சுமக்கிறவன் ஒருவன், பேர் இன்னொருவருக்கா? அவரால் முடியவில்லை. துடைத்தார். தாயும் தகப்பனும் கலந்து பலகை சேறாகிவிட்டது. சட்டை அதைவிட மோசம்.

காலையில் புதுப் பலகை மாட்டியிருந்தது. 'தகப்பன்.'

இயக்குநர் நூலகத்திலிருந்து வரவழைத்த புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். "இவங்க எல்லாம் முட்டாளா?"

"கொஞ்சம் உள்ள பாருங்க சார்."

குட்டி இறங்கியது. பால் குடித்தது. அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டது. வால்கள் மெல்லப் பின்னிக்கொண்டன. இயக்குநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "கடவுளே" என்றார், மெதுவாக.

பலகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப இவ்வளவு புத்தகமும்?" என்றார் இயக்குநர்.

"எவனோ ஒரு மடையன் மொதல்ல எழுதியிருக்கான் சார். மத்தவங்க அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க. ஒரு எழுத்துகூட மாறல பாருங்க."

இயக்குநர் ஒவ்வொரு புத்தகமாக விரல் வைத்துப் பார்த்தார். "ஆமா. 'சிறியக் குரங்கு'. எல்லாத்துலயும் அதே தப்பு 'க்'. யாருய்யா அந்த மடையன்?"

கூண்டுச் சாவியோடு நின்றிருந்த காவலாளி தொண்டையைச் செருமினார்.

"போன தடவ இந்தக் குரங்கு இங்க வந்தப்ப அண்ணன் எழுதின பலகை குடோன்லதான் சார் கெடக்கு. படிச்சவங்க எல்லாம் வரிசையா நின்னு பார்த்து எழுதிட்டுப் போவாங்க. எடுத்துட்டு வரட்டுங்களா?"